சொந்தப் படகைப் பேணுதல்

கொல்லத்தில் நான் பணியாற்றியபோது, கடன் பெற்று ஃபைபர் படகு வாங்கிய வாடிக்கையாளர் ஒருவர், அதன் அவுட்போர்டு எஞ்சினுக்கும் ஆசையோடு சாயம் பூசினார். அதிலிருந்த சிறு துத்தநாகக் கட்டியையும் விட்டுவைக்கவில்லை. கடல்நீரின் அரிப்பைத் தான் ஏற்றுக் கரைந்து, எஞ்சினின் அலுமினியப் பாகங்களைக் காப்பதே அக்கட்டியின் வேலை. சாயம் மூடினால் அது பயன்படாது. ஓராண்டுக்குள் கியர்ப்பெட்டியின் உறை அரித்துவிட்டது.

கேரளத்தில் மழைக்கால இழுவலைத் தடை 52 நாட்கள். அத்தடைக்கு உட்படாத அவுட்போர்டு படகுகளுக்கு அதுவே நல்ல வருவாய்க் காலம். அவருடைய எஞ்சினோ அப்போது பட்டறையில் கிடந்தது. தவணை மட்டும் தவறாமல் வந்தது. கடன் கொடுத்த நாங்களும் பராமரிப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கவில்லை.

பின்னர் அவர் பட்டறையிலேயே அமர்ந்து வேலையைக் கற்றார். கரை திரும்பியதும் எஞ்சினுக்குள் நன்னீர் ஓடவிட்டு உப்பைக் கழுவுவார். கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்ப்பார். பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது, சீல்களை மாற்ற வேண்டும். துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் புதியது பொருத்துவார். அடுத்த முறை நான் படகைப் பார்வையிடச் சென்றபோது, கடன் கணக்கைப் பேசுமுன் அந்தக் கட்டியைத்தான் தொட்டுக் காட்டினார்.