விமானத்துக்கும் டி.சி. வேண்டும்!

புது பைக் வாங்கினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவு செய்து டி.என். என்று தொடங்கும் நம்பர் வாங்குகிறோம் அல்லவா? விமானத்துக்கும் அப்படித்தான். இந்தியப் பயணிகள் விமானத்தின் படம் கிடைத்தால் பின்பக்கம் பாருங்கள். வி.டி. என்று இரண்டு எழுத்து, ஒரு சின்னக் கோடு, அப்புறம் மூன்று எழுத்து இருக்கும். 1932-ல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்த குட்டி விமானத்தின் பதிவு வி.டி.-ஏ.டி.என்.

வி.டி. என்றால் 'வைஸ்ராய் டெரிட்டரி' என்று சிலர் சொல்வார்கள். அது கட்டுக்கதை. 1927-ல் வாஷிங்டனில் நடந்த ரேடியோ மாநாட்டில் எழுத்துக்களை வரிசையாகப் பங்கு போட்டபோது இந்தியாவுக்கு வி.டி. முதல் வி.டபிள்யூ. வரை வந்தது, அவ்வளவுதான்.

பின்னால் வரும் மூன்று எழுத்துக்கு 26 × 26 × 26 = 17,576 வழி இருக்கிறது (கணக்கு டீச்சர் சரி பார்க்கலாம்!). ஆனால் எஸ்.ஓ.எஸ். மாதிரி ஆபத்துக் குறிகளை வைக்கக் கூடாது. ரேடியோவில் கேட்பவர் பதறிப் போவார் இல்லையா? விமானத்தின் உடலில் எழுதும் எழுத்து குறைந்தது 30 செ.மீ. உயரம் இருக்க வேண்டும், அதாவது நம்ம பெரிய ஸ்கேல் அளவு. இது போக, தீயில் எரியாத உலோகத் தகட்டிலும் அதே பதிவைப் பொறித்து வாசல் பக்கம் பதித்து வைப்பார்கள். எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் பதிவு செய்வது டி.ஜி.சி.ஏ. என்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரகம். 1934-ஆம் வருடச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. விமானம் வாங்கிய பத்திரம், சுங்கவரி கட்டிய ரசீது எல்லாம் காட்ட வேண்டும். முக்கியமானது இன்னொன்று. பழைய விமானம் என்றால், முன்பு இருந்த நாட்டில் பதிவை நீக்கிவிட்டார்கள் என்ற சான்று வேண்டும். ஏன்னா 1944 சிகாகோ ஒப்பந்தப்படி, எந்த நாட்டில் பதிவோ அந்த நாட்டுக் குடிமகன் மாதிரிதான் விமானம். ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் பதிவு செல்லாது.

இது நம்ம டி.சி. கதைதான். இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் சேர வந்த என் தோழிக்கு, ஃபீஸ் பாக்கி என்று பழைய பள்ளியில் டி.சி. தராமல் இழுத்தடித்தார்கள். பழைய பள்ளியும் இல்லை, புதுப் பள்ளியும் இல்லை என்று இரண்டு மாதம் வீட்டிலேயே இருந்தாள்.

விமானங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் கம்பெனி திவால் மனு போட்டுச் சேவையை நிறுத்தியது. ஓட்டிய விமானங்களோ வாடகைக்கு எடுத்தவை! வெளிநாட்டு உரிமையாளர்கள் "பதிவை நீக்குங்கள், கொண்டு போகிறோம்" என்று கேட்டார்கள். திவால் வழக்கு முடியும்வரை கம்பெனியிடம் இருப்பதை யாரும் எடுக்கக் கூடாது என்று தடை இருந்ததால் முடியவில்லை. வி.டி. இருக்கும்வரை வேறு நாட்டில் பதிய முடியாது, பறக்கவும் வழியில்லை. போய்ப் பராமரிப்பதற்குக்கூட நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, 2024 ஏப்ரல் 26-ல் டெல்லி உயர்நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை ஐந்து வேலை நாளுக்குள் நீக்கச் சொன்னது.

அந்தத் தடை இனி விமானங்களைக் கட்டிப் போடக் கூடாது என்று 2025-ல் பாராளுமன்றம் தனிச் சட்டமே நிறைவேற்றியது. வாடகை பாக்கி என்றால் உரிமையாளர் விமானத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள அதில் வழி வைத்திருக்கிறார்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி