சரக்கு போய்ச் சேர்ந்தது... பணம் எப்போது வரும்?

சிறு உற்பத்தியாளருக்கு 45 நாள் கெடு சொல்லும் சட்டம்

எள்ளாக விற்பதைவிட எண்ணெயாக விற்றால் லாபம். கேழ்வரகாக விற்பதைவிட மாவாக விற்றால் லாபம். இதை நம் விவசாயிகள் பலர் செய்து காட்டிவிட்டார்கள். ஆனால், விற்ற பணம் கைக்கு வருவதில்தான் சிக்கலே. சரக்கை வாங்கிக்கொண்ட பெரிய கடையோ, நிறுவனமோ மூன்று மாதம், நான்கு மாதம் என்று இழுத்தடிக்கும். அதுவரை அடுத்த லோடு எள் வாங்க நகையை அடகு வைத்து வட்டி கட்டுவது சரக்கு கொடுத்தவர்தான்.

இதற்குக் கடிவாளம் போடும் சட்டம் 2006-லேயே வந்துவிட்டது. அதுதான் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். ஆனால், உரிய பதிவும் சீட்டும் கையில் இருப்பவருக்குத்தான் அது முழுமையாகக் கைகொடுக்கும்.

சட்டம் சொல்வது என்ன?

குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்தத் தவணை 45 நாள்களைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும் சட்டப்படி 45 நாள்தான். ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்.

இந்தக் கணக்கு, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளில் தொடங்குகிறது. சரக்கில் குறை இருந்தால், வாங்கியவர் 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், சரக்கு இறங்கிய நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகப் பொருள். மூன்று மாதம் கழித்து ‘தரம் சரியில்லை’ என்று கைவிரிப்பது சுலபமல்ல.

கெடு தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதாமாதம் வட்டிக்கு வட்டி. வங்கி விகிதம் 5.50 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 16.5 சதவிகிதம் வருகிறது. 1 லட்சம் ரூபாய் பாக்கியை ஆறு மாதம் இழுத்தால், வட்டி மட்டுமே சுமார் 8,539 ரூபாய்.

வருமான வரி போட்ட கிடுக்கிப்பிடி

வட்டி கேட்டால் வியாபாரம் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. அந்த நிலையைக் கொஞ்சம் மாற்றியது, 2023-ல் வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 43பி(எச்) பிரிவு. 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது.

குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கிய சரக்குக்குக் கெடுவுக்குள் பணம் தராமல், மார்ச் 31-லும் பாக்கி வைத்தால், வாங்கியவர் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். 30 சதவிகித வரி கட்டும் வியாபாரி 1 லட்சம் ரூபாய் பாக்கி வைத்தால், அந்த ஆண்டு 30,000 ரூபாய் வரி கூடுதலாகக் கட்ட நேரும். வழக்கு, வாய்தா எதுவும் இல்லாமலே பணம் நகரும் வழி இது. ஆனால், உங்களுக்குப் பதிவு இருப்பது அவருக்குத் தெரிய வேண்டும். எனவே, ஒவ்வொரு பில்லிலும் உத்யம் பதிவு எண்ணை அச்சிடுங்கள்.

இந்தப் பிரிவுக்குப் பயந்து, ‘பதிவை ரத்து செய்துவிட்டு வாருங்கள்’ என்று கேட்ட வியாபாரிகளும் உண்டு. அதற்கு இணங்கினால், பிடியை நாமே விட்டுக்கொடுத்ததாகும்.

முதலில் பதிவு, பிறகு சரக்கு

2020 ஜூலை முதல் உத்யம் இணையதளத்தில் பதிவு நடக்கிறது. ஆதார், பான் எண் போதும்; கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தனியார் இணையதளங்களிடம் எச்சரிக்கை தேவை. உதவிக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

சரக்கு கொடுத்த பிறகு பதிவு செய்தால், பழைய பாக்கிக்கு இந்தச் சட்டம் உதவாது என்று உச்ச நீதிமன்றம் 2021, 2022 தீர்ப்புகளில் சொன்னது. 2025 ஜனவரியில் இந்தக் கேள்வி பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. அந்த முடிவை நம்பிக் காத்திருக்காமல், முதல் லோடுக்கு முன்பே பதிவை முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

கொள்முதல் ஆணை, பில், சரக்கு இறக்கியதற்கான கையெழுத்துச் சீட்டு, வாட்ஸ்அப் தகவல்கள் என எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி - பதில்

நெல்லை அப்படியே வியாபாரிக்கு விற்கிறோம். இந்தச் சட்டம் பொருந்துமா?

பொருந்தாது. உற்பத்தித் தொழிலும் சேவைத் தொழிலும்தான் இதில் வரும். நெல்லை அரிசியாக்கி, அவலாக்கி விற்பது உற்பத்தி. வாங்கி விற்கும் வணிகர் உத்யம் பதிவு பெறலாம். ஆனால், அது முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே; 45 நாள் பாதுகாப்பு கிடையாது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் புகார் கொடுக்கலாமா?

தானே உற்பத்தி செய்து, குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றிருந்தால் கொடுக்கலாம். குறு, சிறு நிறுவனங்கள் தயாரித்த பொருள்களை விற்றுத்தரும் நிறுவனம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றையும் சட்டம் ‘சரக்கு வழங்குபவர்’ என்று ஏற்கிறது.

கேட்டும் தரவில்லை. எங்கே போவது?

முதலில் வட்டிக் கணக்கோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பல பாக்கிகள் அதிலேயே தீரும். அசையாவிட்டால், குறு, சிறு தொழில் நிறுவனங்கள் வசதியாக்க மன்றத்தில் இணையவழியில் மனு செய்யலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி, மதுரையில் இந்த மன்றங்கள் உள்ளன. முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் விசாரணை. 90 நாள்களில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் கூடுதலாகவும் ஆகும். ஆனால், தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போகும் வியாபாரி, 75 சதவிகிதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் வழக்கு நடத்த முடியும். மூன்று ஆண்டு காலவரம்பு தாண்டுவதற்குள் மனு செய்துவிடுங்கள்.