ஓடாத காரும் தேயும்

புனே நகரின் தென்மேற்கே, முத்தா ஆற்றின் நீர்த்தேக்கத்தை ஒட்டி அமைந்த ஊர் கடக்வாஸ்லா. தேசியப் பாதுகாப்பு அகாதெமியும் மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையமும் இங்குள்ளன. பணிமாற்றம் இவ்வூரார்க்குப் பழகிய ஒன்று. தந்தையார் வாங்கிய பிரிமியர் பத்மினியையோ, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ உடன் கொண்டு செல்ல இயலாமல், இரண்டு மூன்று ஆண்டுகள் நிறுத்திவைக்க நேர்வதுண்டு.

ஈராண்டுகளுக்கு மேல் பரிவர்த்தனை இல்லாத சேமிப்புக் கணக்கு செயல்படாக் கணக்காகிவிடும் என்பதை வாடிக்கையாளர்கள் அறிவர். எனினும் அதிலுள்ள பணம் குறைவதில்லை; வட்டியும் சேரும். நிறுத்திய காரின் நிலை அவ்வாறன்று. அதன் மதிப்பு நாள்தோறும் குறைகிறது. ஓட்டத்தால் வரும் தேய்மானத்தைவிட, ஈரத்தால் வரும் சேதமே இதற்குப் பெரிதும் காரணம்.

ஈரத்தைத் தடுத்தல்

கடக்வாஸ்லாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். ஆகவே மே மாதத்திற்குள் ஆயத்தப் பணிகளை முடித்துவிடுதல் நலம். அடிப்பாகத்திலும் சக்கர வளைவுகளிலும் படிந்த சேற்றைக் கழுவி, இரண்டு மூன்று நாள்கள் நன்கு உலரவிட வேண்டும். சிமெண்டுத் தரை ஈரம் கசியும். எனவே தடித்த பாலித்தீன் விரிப்பின்மீது வண்டியை நிறுத்துக. மேலே போர்த்துவதற்குப் பருத்தித் துணியே ஏற்றது. பிளாஸ்டிக் உறை உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேறவிடாது. புகைக்குழாயின் வாயையும் காற்று வடிகட்டியின் வாயையும் கம்பிவலையால் மூடினால் எலிகள் புகா.

எண்ணெயும் எரிபொருளும்

பயன்படுத்திய எஞ்சின் எண்ணெயில் அமிலமும் நீரும் கலந்திருக்கும். அதை வடித்துப் புதிய எண்ணெய் நிரப்பிச் சிறிது நேரம் எஞ்சினை ஓடவிட வேண்டும். ரேடியேட்டரில் வெறுந்தண்ணீர் இருப்பின், துருத் தடுப்பான் கலந்த கூலண்டாக மாற்றுக.

இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது காற்றின் ஈரத்தை ஈர்ப்பதோடு பழைய ரப்பர்க் குழாய்களையும் நலிவிக்கும். சில மாதங்கள் மட்டும் நிறுத்துவதாயின், தொட்டியை நிரப்பி, எரிபொருள் நிலைப்படுத்தியைச் சேர்த்தால் போதும். ஓராண்டுக்கு மேலாயின் தொட்டியைப் பணிமனையில் வடித்து உலர்த்தி, கார்புரேட்டரையும் காலியாக்க வேண்டும். வடித்த பெட்ரோலை வீட்டில் வைத்தல் கூடாது. இறுதியாக, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கையால் சில சுற்றுகள் சுழற்றிய பின் மீண்டும் பொருத்துக.

‘வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்தால் போதும்’ என்பது பரவலான எண்ணம். அது நன்மையைவிடத் தீமையே செய்யும். எஞ்சின் முழுமையாகச் சூடேறுமுன் நிறுத்தினால், எரிதலில் உண்டாகும் நீர் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கித் துருவை வளர்க்கும்.

பிரேக், சக்கரம், பேட்டரி

பத்மினியின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே. கைப்பிரேக்கை இழுத்துவைத்தால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தளர்த்திவிட்டு, சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். பிரேக் திரவமும் ஈரத்தை ஈர்ப்பதால் அதையும் மாற்றுதல் வேண்டும். பல மாதங்கள் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் டயர் தட்டையாகும். உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை ஏற்றி நிறுத்துக. பேட்டரியைக் கழற்றும்போது முதலில் எர்த் இணைப்பை நீக்கி, பின்னர் மாதந்தோறும் சார்ஜ் செய்ய ஏற்பாடு செய்க.

ஆவணங்கள் உறங்கலாகாது

1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்தது. அவ்வெள்ளத்தில் கடக்வாஸ்லா அணையும் உடைந்து, புனே பேரழிவைக் கண்டது. நிற்கும் வண்டிக்கும் வெள்ளம், தீ, திருட்டு ஆகிய ஆபத்துகள் உண்டு. மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் இருந்தால் இவற்றுக்கு இழப்பீடு கிடைக்காது. எனவே சொந்தச் சேதக் காப்பீட்டைக் கைவிடலாகாது. காலாவதியாகி 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிடில், கோரிக்கையின்மைக்காகச் சேர்ந்த பிரீமியத் தள்ளுபடியும் போய்விடும். ஐந்தாண்டு கடந்த வண்டியின் காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் இசைந்து முடிவு செய்வர். புகைப்படங்களும் பழுதுபார்ப்பு ரசீதுகளும் அப்போது துணைநிற்கும்.

தனியார் காரின் பதிவு முதல் 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அந்நாள் நீங்கள் வெளியூரில் இருக்கும் காலத்தில் வருமா என்று முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021-இல் தனிப் பதிவு விதிகள் வந்தன. அதற்கான கட்டணம் ரூ.20,000, பதிவு 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த இயலாது.

புறப்படுமுன் நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, மாதம் ஒருமுறை பார்வையிடச் சொல்லுங்கள். எவை வடிக்கப்பட்டன, எவை கழற்றப்பட்டன, எவை மூடப்பட்டன என்று எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவையுங்கள். திரும்பி வந்ததும் அக்குறிப்பைப் படித்து, குழாய்களையும் பிரேக்கையும் சோதித்த பின்னரே சாவியைத் திருப்ப வேண்டும்.