ஜூலையில் டெத் வேலி போகலாமா? அமெரிக்கப் பாலைவன ரோட் ட்ரிப்புக்கு பிளான் போடுவது எப்படி?

ஜூன், ஜூலை வந்தால் அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க நம்ம ஊரிலிருந்து அப்பா, அம்மாக்கள் விமானம் ஏறுவது வழக்கம். பேரன் பேத்திகளுக்கும் அப்போதுதான் ஸ்கூல் லீவு. லாஸ் வேகஸில் இறங்கி, கார் வாடகைக்கு எடுத்து, டெத் வேலி, ஜயான், பிரைஸ் கேன்யன், கிராண்ட் கேன்யன் என்று ஒரு ரவுண்டு அடிப்பது இந்தக் குடும்பங்களின் பிரபலமான பிளான். சிக்கல் என்னவென்றால், பாலைவனத்துக்குப் போகவே கூடாத மாதமும் அதே ஜூலைதான்.

அதனால்தான் இந்தப் பயணத்தை எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள் என்று மட்டும் கணக்குப் போடக் கூடாது. எந்த மாதம், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில் இருப்போம் என்று போட வேண்டும்.

எவ்வளவு வெயில்?

உலகில் இதுவரை பதிவான அதிகபட்ச வெப்பநிலையாக ஏற்கப்பட்டிருப்பது 56.7 டிகிரி செல்சியஸ். பதிவான இடம் டெத் வேலியின் ஃபர்னஸ் க்ரீக், நாள் 1913 ஜூலை 10. பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். 2024 ஜூலையில் அங்கே பகல், இரவு எல்லாம் சேர்த்த மாத சராசரியே 42 டிகிரியைத் தாண்டியது. அந்த மாதம் பைக்கில் சென்ற ஒருவர் வெப்பத்தால் உயிரிழந்தார். இன்னொரு பக்கம், மணல்மேட்டில் செருப்பைத் தொலைத்த பெல்ஜியம் நாட்டுப் பயணி ஒருவருக்குப் பாதம் வெந்துபோனது. இரண்டு சம்பவங்களிலும் மருத்துவ ஹெலிகாப்டரால் நெருங்க முடியவில்லை. அவ்வளவு சூட்டில் காற்றின் அடர்த்தி குறைந்துவிடுவதால் ஹெலிகாப்டருக்குத் தேவையான தூக்குவிசை கிடைக்காது.

"நாங்க பார்க்காத வெயிலா?" என்று வேலூர்க்காரர்கள் கேட்கலாம். ஆனால் நம்ம ஊர்க் கடலோர வெயிலில் வேர்த்துக் கொட்டும், சட்டை நனையும், உடனே தண்ணீரைத் தேடுவோம். அங்கே காற்று அவ்வளவு உலர்ந்தது, வேர்வை தோலில் நிற்பதற்குள் ஆவியாகிவிடும். 'வேர்க்கவே இல்லையே, பரவாயில்லை' என்று தோன்றும். உடம்போ உள்ளுக்குள் வற்றிக்கொண்டிருக்கும்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். பிபிக்காக நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெப்பத்தின் ஆபத்து கூடுதல். கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்சுலினை நிறுத்திவைத்த காருக்குள் விட்டால் கெட்டுவிடும். சின்ன ஐஸ் பெட்டி ஒன்று அவசியம்.

தண்ணீர்? ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர். 5 பேர் என்றால் 20 லிட்டர், அதாவது வீட்டில் போடும் ஒரு வாட்டர் கேன். அது டிக்கியில் இருக்கணும்.

அப்போ ஜூலையில் போகவே முடியாதா?

போகலாம், மேலே போகணும். டெத் வேலியின் பேட்வாட்டர் பேசின் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. பிரைஸ் கேன்யனின் விளிம்பு 2,400 மீட்டருக்கு மேல், ஊட்டியைவிட உயரம். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பும் கிட்டத்தட்ட ஊட்டி உயரம்தான். கோடையிலும் அங்கே நிம்மதியாக நின்று பார்க்கலாம். ஆனால் கிராண்ட் கேன்யனில் 'கொஞ்ச தூரம் இறங்கிட்டு வந்துடலாம்' என்று கிளம்பாதீர்கள். இறங்க இறங்க வெப்பம் ஏறும். நம்ம மலைகளில் ஏறிவிட்டு இறங்குவோம். இங்கே இறங்கிவிட்டு, களைத்த பிறகு ஏறணும்.

டெத் வேலியைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், லாஸ் வேகஸிலிருந்து சுமார் 2 மணி நேர டிரைவ். விடியும் நேரத்தில் அங்கே இருக்கிற மாதிரி கிளம்புங்கள். கோடையில் காலை 10 மணிக்குப் பிறகு பள்ளத்தாக்கில் நடக்க வேண்டாம் என்பது பூங்கா நிர்வாகத்தின் அறிவுரை. அதற்குமேல் டான்டேஸ் வியூ என்ற மலைமுகப்புக்குக் காரில் ஏறிவிடலாம். தார் ரோடு உண்டு. 1,600 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் கீழே இருப்பதைவிட 10 டிகிரிக்கும் மேல் குறைவாக இருக்கும். மொத்தப் பள்ளத்தாக்கும் காலடியில் தெரியும்.

தமிழ் இலக்கணம் பாலைக்கு ஒதுக்கிய பொழுது வேனிலும் நண்பகலும். ரோட் ட்ரிப்புக்குத் தவிர்க்க வேண்டியதும் சரியாக அந்த இரண்டையும்தான். லீவைத் தள்ளிப்போட முடிந்தவர்களுக்கு, டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ போன்ற தாழ்நிலங்களுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். யூட்டா பக்கம் என்றால் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர்.

மேப்பை நம்பலாமா?

முழுசா நம்ப வேண்டாம். இந்தப் பூங்காக்களின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. 2009 ஆகஸ்டில் ஒரு தாயும் அவரது சிறு வயது மகனும் ஜிபிஎஸ் காட்டிய வழியில் போய், டெத் வேலியின் ஒதுக்குப்புறப் பாதையில் டயர் புதைந்து மாட்டிக்கொண்டார்கள். 5 நாள் கழித்து ரேஞ்சர் ஒருவர் கண்டுபிடித்தபோது தாய் மட்டும்தான் உயிரோடு இருந்தார். இப்படி நடப்பதற்கு அங்குள்ள ரேஞ்சர்கள் 'ஜிபிஎஸ் மரணம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

மேப்பை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். விசிட்டர் சென்டரில் கொடுக்கும் பேப்பர் மேப்பையும் வாங்குங்கள். மண் ரோடு வந்தால் திரும்பிவிடுங்கள். வாடகைக் கார் ஒப்பந்தங்களில் பெரும்பாலும் மண் ரோட்டில் ஓட்டவே அனுமதி கிடையாது. அங்கே வண்டி நின்றால் இழுத்துவரும் செலவு மொத்தமும் உங்கள் தலையில். ஜோஷுவா ட்ரீ பூங்காவுக்குள் ஒரு பெட்ரோல் பங்க்கூட இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வண்டி நின்றுவிட்டால்? வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடி வருபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது கார்தான். எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்கு ஹோட்டல் சேர்வோம் என்று வெளியே ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போனால்தான் தேடவே ஆள் வரும்.

பாலைவனத்தில் வெள்ளமா?

ஆமாம், அதுவும் கோடையில்தான். ஜூலை முதல் செப்டம்பர் நடுவரை அங்கே மழைக்காலம். டெத் வேலியில் ஒரு வருஷத்துக்கே சுமார் 5 சென்டிமீட்டர் மழைதான். 2022 ஆகஸ்ட் 5 அன்று ஒரே நாளில் 3.7 சென்டிமீட்டர் கொட்டியது. சென்னையில் அது ஒரு சாயங்கால மழை. அங்கே ரோடு அடித்துக்கொண்டு போய், சுமார் 1,000 பேர் சிக்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஹிலாரி புயல் மழைக்குப் பிறகு பூங்காவையே சுமார் 2 மாதம் மூடிவிட்டார்கள்.

அரிசோனாவின் ஆன்டலோப் கேன்யனில் 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழை இல்லை, பல மைல் தள்ளிப் பெய்த மழை அந்தக் குறுகிய பாறை இடுக்குக்குள் பாய்ந்து வந்தது. தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பது அங்கே ஒரு உத்தரவாதமே இல்லை. அன்றைய வெள்ள எச்சரிக்கையைக் காலையிலேயே பாருங்கள்.

புதுக் கட்டணம் எவ்வளவு?

2026 ஜனவரி 1 முதல் விதி மாறியிருக்கிறது. எல்லாத் தேசியப் பூங்காக்களுக்குமான ஆண்டு பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 250 டாலர். பாஸ் இல்லாத வெளிநாட்டவர், 16 வயது நிரம்பியவராக இருந்தால், 11 பிரபல பூங்காக்களில் வழக்கமான கட்டணம் போக ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். கிராண்ட் கேன்யன், ஜயான், பிரைஸ் மூன்றுமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. டெத் வேலியும் ஜோஷுவா ட்ரீயும் இல்லை. விசிட்டர் விசாவில் வந்த அப்பா, அம்மா இருவருக்கும் பாஸ் இல்லாமல் மூன்று இடத்துக்குமான கூடுதல் கட்டணம் மட்டும் 600 டாலர். ஒரு பாஸில் கூட வரும் எத்தனை பேர் போகலாம் என்பதை தேசியப் பூங்கா சேவையின் தளத்தில் படித்துவிட்டு வாங்குங்கள். கேட்டில் காட்ட அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

கடைசியாக, கடிகாரம். கோடையில் யூட்டா, நெவாடாவைவிட 1 மணி நேரம் முன்னால். அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதே இல்லை, அதனால் கோடையில் நெவாடா நேரம்தான். ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ பழங்குடியினர் நிலப்பகுதி கோடையில் யூட்டா நேரத்தைப் பின்பற்றுகிறது. ஆன்டலோப் கேன்யன் அந்த நிலத்தில்தான் இருக்கிறது, டூர்களோ பக்கத்து ஊரான பேஜின் அரிசோனா நேரப்படி கிளம்பும். எல்லையில் போன் தானாக மாறி மாறிக் காட்டும். டிக்கெட்டில் போட்டிருப்பது எந்த ஊர் நேரம் என்று புக் செய்யும்போதே கேட்டு, ஒரு கைக்கடிகாரத்தில் அதை வைத்துக்கொள்ளுங்கள்.