ஊரின் வாக்கும் ஒருவரின் வாக்கும்

கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோரத்திலே, நிந்தவூருக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் அமைந்த ஊர் அட்டாளைச்சேனை. நெல்வயலும் கடலும் ஆசிரியத் தொழிலும் அதன் மக்களைப் பேணிவருகின்றன. இத்தகைய சிற்றூரில் மக்கள் எக்கட்சியின் பால் சாய்கின்றனர், எத்துணைப் பேர் வாக்களிக்கச் செல்கின்றனர் என்பவற்றை ஆராய்ந்தால், சனநாயகம் அடிமட்டத்தில் இயங்கும் விதம் நன்கு புலனாகும்.

டொனமூர்ச் சீர்திருத்தத்தின் பயனாக 1931 ஆம் ஆண்டில் நம் நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்தது. ஆணும் பெண்ணும் ஒருங்கே அவ்வுரிமையைப் பெற்றனர். அவ்வாண்டு மட்டக்களப்புத் தெற்குத் தொகுதி, இப்பகுதியைச் சேராதவரான மாக்கான் மாக்காரை அரசாங்க சபைக்கு அனுப்பிற்று; அவர் அமைச்சருமானார். 1956 இல் பொத்துவில், கல்முனை ஆகிய இரு தொகுதிகளும் தமிழரசுக் கட்சியின் சார்பில் நின்ற முஸ்லிம் வேட்பாளர்களைத் தெரிவு செய்தன. வென்ற முஸ்தபாவும் காரியப்பரும் பின்னர் அரசாங்கத்தின் பக்கம் சேர்ந்தனர். 1977 இல் பொத்துவில் இரு அங்கத்தவர் தொகுதியாயிற்று. ஒரு முஸ்லிமும் ஒரு தமிழரும் அங்கிருந்து சென்றனர். ஆகவே, கட்சிச் சாய்வு என்பது இக்கரையில் என்றும் மாறாத பிறவிக்குணமன்று. காலத்தின் தேவையை நோக்கியே அது திரும்பியிருக்கின்றது.

பெருந்திருப்பம் விகிதாசார முறையுடன் வந்தது. 1981 இல் காத்தான்குடியில் தோன்றிய முஸ்லிம் காங்கிரஸ், அஷ்ரபின் தலைமையில் 1989 பொதுத் தேர்தலில் பாராளுமன்றம் புகுந்தது. மாவட்டமொன்றில் ஆசனம் பெறுதற்கு வேண்டிய வெட்டுப்புள்ளி பன்னிரண்டரை வீதத்திலிருந்து ஐந்து வீதமாக 1988 இல் குறைக்கப்பட்டமை சிறு கட்சிகளுக்கு வழிதிறந்தது. 2000 ஆம் ஆண்டில் அஷ்ரப் மறைந்தபின் ஆதரவு பிளவுண்டு, தேசிய காங்கிரசும் மக்கள் காங்கிரசும் தத்தம் பங்கைக் கோரின.

இனி, வாக்கின் கணக்கைப் பார்ப்போம். அட்டாளைச்சேனை பொத்துவில் தேர்தல் தொகுதிக்குள்ளும், அது திகாமடுல்ல மாவட்டத்துக்குள்ளும் அடங்கும். மாவட்டத்துக்கு ஏழு ஆசனங்கள். வாக்காளர் ஒரு கட்சியைத் தெரிந்து, அதன் வேட்பாளருள் மூவர் வரை விருப்பு வாக்கு இடலாம். ஒரே பட்டியலில் கல்முனையாரும் சம்மாந்துறையாரும் அக்கரைப்பற்றாரும் நிற்பர். சிற்றூரின் வேட்பாளர் வெல்ல வேண்டுமாயின், அவருடைய ஊர் ஏறக்குறைய முழுமையாகத் திரள்வதோடு, பிற ஊரார் தம் இரண்டாம் மூன்றாம் விருப்பையும் அவருக்கு ஈதல் வேண்டும். 2024 இல் அட்டாளைச்சேனையைச் சேர்ந்த உதுமாலெப்பை முஸ்லிம் காங்கிரசின் சார்பில் தெரிவானபோது இக்கணக்கே தொழிற்பட்டது.

சிதறினால் விளைவது யாது? 2020 இல் இம்மாவட்டத் தமிழர் வாக்குகள் இரு பக்கமாகப் பிரிந்தமையால், தமிழர் ஒருவரேனும் தெரிவாகவில்லை. 2024 இல் தமிழரசுக் கட்சி ஓர் ஆசனத்தை மீட்டது. சிறு சமூகம் எதுவாயினும் இப்பாடம் அதற்குப் பொருந்தும்.

வாக்களிப்பு வீதமும் தேர்தலுக்குத் தேர்தல் வேறுபடும். நாடு முழுவதிலும் 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் ஏறத்தாழ 79 வீதத்தினர் வாக்களித்தனர். நவம்பர் பொதுத் தேர்தலிலோ ஏறத்தாழ 69 வீதத்தினரே. இரண்டு மாதங்களுக்குள் பத்து வீதம் வீழ்ந்தது. இவ்வீதம் இடாப்பிலுள்ள பெயர்களைக் கொண்டே கணிக்கப்படுகின்றது என்பதை மறத்தலாகாது. நம் கரையோர இளைஞர் பலர் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். அவர்தம் பெயர் இடாப்பில் இருப்பினும், வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க நம் சட்டம் இடந்தருவதில்லை. மாரிமழை தொடங்கி மாரிபோக வேளாண்மை மும்முரமாகும் நவம்பரில் வயலும் ஆளை இழுக்கும். ஆதலால், குறைந்த வீதமெல்லாம் அசட்டையின் அடையாளம் எனக் கூறிவிட முடியாது.

பிரதேச சபைத் தேர்தல் இவற்றினின்றும் வேறானது. 2018 முதல் கலப்பு முறையில், வட்டாரந்தோறும் வேட்பாளர் நிற்கின்றனர். அங்கே கொள்கையைவிட உறவும் அயலும் ஓங்கும். வடிகானும் தெருவிளக்குமே பேச்சாகும்.

இவ்விடத்தில் ஒரு சிக்கல் எழுகின்றது. ஊர் ஒன்றுபட்டால்தான் ஊருக்கு ஓர் அங்கத்தவர் கிடைப்பார். ஆனால் வாக்கோ இரகசியமானது, ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே உரியது. ஊர்ப் பெரியோர் கூடி ஒருவரை ஆதரிக்கலாம் என எடுத்துரைப்பது முறையே. அதனை ஏற்காதவரைத் துரோகி என்று ஒதுக்குவது முறையன்று. இளைஞனும் இல்லத்தரசியும் தாமே ஆராய்ந்து அளிக்கும் வாக்கினாலேயே ஊரொற்றுமை உறுதிபெறும். அச்சத்தினால் பெற்ற ஒற்றுமை அடுத்த தேர்தல் வரையும் நிலையாது.

எமது பாடசாலைகளே தேர்தல் நாளில் வாக்களிப்பு நிலையங்களாகின்றன. எழுத்தறிவித்த அதே வகுப்பறையில் மாணவனாயிருந்தவன் குடிமகனாகப் புள்ளடியிடுகிறான். பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் கிராம உத்தியோகத்தரிடம் சென்று இடாப்பில் தம் பெயர் உண்டா எனப் பார்த்தல் முதற் கடமை. எவர் வெல்வார் என்னும் விவாதம் அதற்குப் பிந்தியது. பெயரில்லாதவனுக்குச் சாய்வு இருந்தும் பயனில்லை.