கண்ணாடியிற் பிம்பமும் அறையின் வெளிச்சமும்

இரவில் ஓடும் ரயில் வண்டியின் ஜன்னற் கண்ணாடியில் நம் முகம் தெளிவாகத் தெரிவதை யாவரும் கண்டிருக்கிறோம். பகலில் அதே கண்ணாடியை நோக்கினால் வயலும் வரப்புமே தோன்றும், முகம் தோன்றாது. கண்ணாடியின் குணம் பகலுக்கொன்றும் இரவுக்கொன்றுமாக மாறுவதில்லை. தன்மேல் விழும் ஒளியில் அது திருப்பியனுப்பும் பங்கு எப்பொழுதும் ஒன்றே. மாறுவது கண்ணாடிக்கு அப்பாலுள்ள வெளிச்சமே.

இவ்வுண்மையைத் துணைக்கொண்டே, 1862-ம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி, லண்டன் ராயல் பாலிடெக்னிக் ஸ்தாபனத்தில், ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் அரங்கின்மீது ஓர் ஆவியுருவைத் தோற்றுவித்தார். இதற்கு மூலமான யுக்தியைக் கண்டவர் ஹென்றி டிர்க்ஸ் என்னும் பொறிவல்லுநர். சாய்வாக நிறுத்திய பெருங் கண்ணாடியில், மறைவிடத்தில் விளக்கொளியில் நின்ற நடிகரின் பிம்பம் விழுந்தது. அவ்வளவே அதன் இரகசியம். மறைவிடத்து நடிகருக்குப் பதிலாக இக்காலத்தில் கணினித் திரையை வைக்கின்றனர். ஆயினும், விளக்கெரியும் மண்டபத்தில் அமைத்த காட்சி பலமுறை மங்கித் தோல்வியுறுகிறது. அது தெரியுமா தெரியாதா என்பதை முன்னரே கணக்கிட்டறியலாம்.

45 பாகைச் சாய்விலுள்ள சாதாரணக் கண்ணாடி, தன் இரு பக்கங்களாலும் சேர்ந்து, ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு ஒளியைத் திருப்பியனுப்பும்; தொண்ணூறு பங்கை ஊடுருவ விடும். பரப்பின் பிரகாசத்தை அளக்கும் அலகு நிட். பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். பளபளப்பில்லாத சுவரின் பிரகாசம் வேண்டின், அதன்மேல் விழும் லக்ஸைச் சுவர் திருப்பும் பங்கால் பெருக்கி 3.14 ஆல் வகுக்க வேண்டும்.

ஓர் உதாரணம் கொள்வோம். திரையின் பிரகாசம் 500 நிட். கண்ணாடியில் தோன்றும் பிம்பத்திற்கு அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 50 நிட் கிடைக்கும். பின்சுவரில் 300 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது; சுவர் அதில் பாதியைத் திருப்புகிறது. அதன் பிரகாசம் 48 நிட். கண்ணாடி வழியே வருவது 43 நிட். பிம்பம் பின்புலத்தின்மேல் ஒளியைக் கூட்டுமேயன்றிக் கழிக்காது. ஆதலின் பிம்பமுள்ள இடத்தில் 93, இல்லாத இடத்தில் 43. விகிதம் ஏறக்குறைய 2.2க்கு 1.

இது போதுமா? கணினித் திரையிற் சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 என்னும் விகிதமாவது வேண்டுமென்று உலகளாவிய வலைச் சங்கத்தின் வழிகாட்டு விதி கூறுகிறது. நம் பிம்பத்தில் எழுத்திருந்தால் படிப்போர் வருந்துவர்.

பொருள் செலவிட்டு 1000 நிட் திரையை வாங்கினால் விகிதம் 3.3 ஆகும். திரையை மாற்றாமல் விளக்குகளிற் பாதியை அணைத்தாலும் அதே 3.3 தான். இனி, விளக்கு எதையும் அணைக்காமல், சுவரின்மேல் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டுமே திருப்பும் கறுப்புத் துணியைத் தொங்கவிடுவோம். பின்புலம் 4.3 நிட்டாகக் குறைகிறது, விகிதம் 12.6 ஆக உயர்கிறது! விலையுயர்ந்த திரை செய்யாததைச் சில முழம் துணி செய்துவிட்டது.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்கும். பிம்பத்தில் கறுப்பு என்பதொன்றில்லை. கறுப்பங்கி அணிந்த உருவத்தைக் காட்டினால், அங்கியிருக்குமிடத்தில் பின்சுவரே தோன்றும். எனவே வெண்மையும் வெளிர் நிறமுமான உருவங்களையே தெரிந்தெடுத்தல் நலம். அன்றியும், திரை மட்டுமன்று, அக்கண்ணாடிக்கு எதிர்ப்படும் விளக்கும் வெள்ளைச் சட்டையுங்கூட அதில் பிரதிபலிக்கும். திரையைச் சுற்றிலும் கறுப்பு மறைப்பு வைத்தல் வேண்டும்.

மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியில் வேகத்தின் எண்ணைக் காட்டும் கருவிக்கும் இக்கணக்கே பொருந்தும். நண்பகல் வீதியைத் துணியால் மூட இயலாது. ஆதலின் அங்கே மூலவொளியை மிகுதியாகப் பெருக்குவதன்றி வேறு வழி அரிது. மண்டபத்திலோ நமக்கு அவ்விடர் இல்லை. பிம்பம் மங்கினால் திரையைக் குறை கூறுமுன், அதன் பின்னே இருப்பது என்ன நிறம் என்று பார்ப்பதே முறை.