டைரிக்குள் போனா, போனுக்குள் டைரியா?

இன்று நாம் கையில் வைத்திருக்கும் செல்போனில் பேசுவது என்பது கிட்டத்தட்ட கடைசி வேலையாகிவிட்டது. விலாசம், அலாரம், கால்குலேட்டர், லேப் ரெக்கார்டின் போட்டோ எல்லாம் அதற்குள்ளேதான். ஆனால் ஒரு டைரியையும் ஒரு போனையும் ஒரே டப்பாவுக்குள் அடைக்க 1990-களில் இன்ஜினியர்கள் பட்ட பாடு இருக்கிறதே, அது லேசுப்பட்டதல்ல. அந்தக் கதையில் நம்ம சிலபஸில் வரும் பாதிப் பாடம் ஒளிந்திருக்கிறது.

முதலில் இரண்டும் தனித்தனியாக இருந்ததைப் பார்ப்போம். ஒரு பக்கம் டிஜிட்டல் டைரி, பாக்கெட் ஆர்கனைசர் வகையறா. இங்கிலாந்தின் சையான் கம்பெனி 1984-லேயே 'ஆர்கனைசர்' என்ற பெயரில் ஒன்றை விற்றது. 1996-ல் அமெரிக்காவில் பாம் பைலட் வந்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், சர்க்யூட் போடுவதற்கு முன்னால் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தாராம்! பையில் அடங்குமா என்று பார்ப்பதற்காக. மறுபக்கம் செல்லுலார் போன். பேசலாம், அவ்வளவுதான்.

இரண்டையும் சேர்த்த முதல் சரக்கு ஐ.பி.எம். கம்பெனியின் 'சைமன்'. 1992 நவம்பரில் லாஸ் வேகாஸ் காம்டெக்ஸ் கண்காட்சியில் மாதிரியைக் காட்டினார்கள். 1994 ஆகஸ்டில் பெல்சவுத் நிறுவனம் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டது. ஒப்பந்தத்தோடு வாங்கினால் 899 டாலர். எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. பட்டன்களே கிடையாது, நீளமான கறுப்பு வெள்ளைத் தொடுதிரை மட்டும்தான். காலண்டர், விலாசப் புத்தகம், குறிப்பேடு எல்லாம் உண்டு, ஃபேக்ஸும் ஈ-மெயிலும் கூட அனுப்பலாம். 16 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 1 மெகாபைட் மெமரி. இதை வைத்துக்கொண்டு இவ்வளவு வேலை வாங்கியிருக்கிறார்கள் என்றால் தலை வணங்கத்தான் வேண்டும்.

ஆனால் பேட்டரி? பேசினால் ஒரு மணி நேரம். சுமார் 50,000 சைமன்கள்தான் விற்றன. 1995-ன் தொடக்கத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள்.

ஏன் ஒரு மணி நேரம்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பாம் பைலட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ட்ரிபிள்-ஏ செல், தொடர் இணைப்பில் 3 வோல்ட். கொள்ளளவு ஏறத்தாழ 1000 மில்லி ஆம்பியர் மணி என்றால் மொத்தம் 3 வாட் மணி. இதிலேயே பைலட் வாரக்கணக்கில் ஓடியது. காரணம், நாம் திரையைத் தொடாத நேரமெல்லாம் அதன் பிராசஸர் அரைத்தூக்கத்தில் இருக்கும். சைமனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது ஆம்ப்ஸ் என்ற அனலாக் முறைப் போன். அனலாக் முறையில், பேசும் நேரம் முழுக்க டிரான்ஸ்மிட்டர் நிற்காமல் அலை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கைப்போனுக்கு அதிகபட்சம் 0.6 வாட். பவர் ஆம்ப்ளிஃபயரின் திறன் பாதிதான் என்று வைத்தாலும் பேட்டரியிலிருந்து 1.2 வாட் போகிறது. ரிசீவர், திரை, பிராசஸர் செலவெல்லாம் தனி. பைலட்டின் செல்களை இதில் போட்டால் இரண்டரை மணி நேரம் கூடத் தாங்காது.

ஆக, வாரக்கணக்கில் உழைக்கும் டைரியையும் சாயங்காலத்துக்குள் களைத்துவிடும் போனையும் ஒரே பேட்டரியில் கட்டிப்போட்டால், போன் சாகும்போது டைரியும் கூடவே செத்துவிடும். நடு ரோட்டில் நின்றுகொண்டு யாரிடமாவது போன் கேட்டு வாங்கினாலும், எந்த நம்பருக்குப் போடுவது?

டைரி தீர்ந்துபோனால் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். இரும்புக் கடை வைத்திருந்த என் பெரியப்பாவுக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு டிஜிட்டல் டைரி வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நம்பர்கள், யார் யார் எவ்வளவு பாக்கி என்ற குறிப்பு உட்பட, எல்லாம் அதில் ஏற்றியாயிற்று. மெயின் செல் தீர்ந்த அதே வாரம் பேக்கப் பட்டன் செல்லும் தீர்ந்தது. மெமரி காலி! வசூல் பண்ண ஆளுக்கு ஆள் வீடு வீடாக அலைந்தார்கள். "உங்களுக்கு நான் எதுவும் தரவேண்டியதில்லையே அண்ணாச்சி" என்று சிரித்தவர்களும் உண்டு. பெரியப்பா மறுபடி சிவப்பு அட்டை நோட்டுக்கே போய்விட்டார். மின்சாரம் நின்றால் ரேம் மறந்துவிடும் என்று நாம் ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம், அதற்குப் பின்னால் இப்படி நிஜமான நஷ்டங்கள் இருக்கின்றன.

சரி, அடுத்த ஆட்டக்காரருக்கு வருவோம். பின்லாந்தின் நோக்கியா 1996-ல் '9000 கம்யூனிகேட்டர்' என்பதை இறக்கியது. மூடினால் சாதாரண போன் (செங்கல் என்றும் சொல்லலாம், 397 கிராம்). மூக்குக் கண்ணாடிக் கூடு போலத் திறந்தால் உள்ளே முழு கீபோர்டும் 640க்கு 200 புள்ளிகள் கொண்ட அகலத் திரையும். 24 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் 386, ஜியோஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம். டைரிப் பகுதிக்கு ஒரு மூளை, போன் பகுதிக்குத் தனி மூளை. வெளிப்பக்கம் நம்பரைத் தட்டும்போது உள்ளே 386 விழித்திருக்க வேண்டிய அவசியமில்லை. புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஒரு வேடிக்கை, திறந்து வைத்தும் பேச வசதியாக ஸ்பீக்கரும் மைக்கும் முதுகுப் பக்கம் இருந்தன. அதனால் காதில் வைக்கும்போது பட்டன்கள் வெளியே பார்த்தபடி, தலைகீழாகப் பிடித்தவர் போலப் பேச வேண்டும்!

கம்யூனிகேட்டருக்குப் பெரிய துணை ஜி.எஸ்.எம். முறை. இதில் ஒரு அலைவரிசையை எட்டுப் பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 4.615 மில்லி செகண்டுக்கு ஒரு ஃபிரேம், அதில் எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டும் நம் போன் அலை அனுப்பும். உச்சத்தில் 2 வாட், சராசரி கால் வாட்தான். ஆனால் வேறொரு தலைவலி வந்தது. செகண்டுக்கு 217 தடவை மின்னோட்டம் குப்பென்று ஏறி இறங்குகிறது. பழைய ரேடியோ பக்கத்தில் செல்போன் இருந்தால் 'டிர்ர்... டிர்ர்' என்று சத்தம் வருமே, அது இதுதான். ஒவ்வொரு இழுப்பிலும் பேட்டரி வோல்டேஜ் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் டைரிப் பகுதியை எட்டாமல் கெபாசிட்டரும் ரெகுலேட்டரும் தடுக்க வேண்டும். பவர் சப்ளை பாடம் போரடிக்கிறது என்பவர்கள் கவனிக்க!

டேட்டா வேகம் செகண்டுக்கு 9600 பிட், அதாவது அதிகபட்சம் 1200 பைட். 100 கிலோபைட் படம் ஒன்று வந்து சேர ஒன்றரை நிமிடம் ஆகும். அதுவும் போன் கால் போலவே நிமிடக் கணக்கில் காசு. நம் நாட்டில் 1995 ஜூலை 31 அன்றுதான் முதல் செல்போன் அழைப்பே நடந்தது, கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு பேசினார். அப்புறம் 2003 வரை நமக்கு வரும் அழைப்புக்கும் நாம்தான் பணம் கட்டினோம். கம்யூனிகேட்டரை வைத்துப் படம் பார்த்திருந்தால் வீட்டை விற்க வேண்டியதுதான்.

1998-ல் வந்த 9110-ல் எடை 253 கிராமாகக் குறைந்தது. அதே வருடம் சையானும் நோக்கியாவும் எரிக்சனும் கைகோத்து சிம்பியன் கம்பெனியைத் தொடங்கின. அமெரிக்காவில் பாம் வழி வேறு. ஹேண்ட்ஸ்பிரிங் கம்பெனி 2002-ல் 'ட்ரியோ 180' என்று பாம் டைரியையே போனாக்கியது. ஆனால் குறிப்புகள் அப்போதும் ரேமில்தான். பேட்டரி அடியோடு தீர்ந்தால் பெரியப்பா கதைதான்! 2004-ல் வந்த ட்ரியோ 650-ல்தான் ஃப்ளாஷ் மெமரிக்கு மாறினார்கள். சார்ஜ் இறங்கினாலும் நம்பர்கள் பத்திரம். அதற்கும் சிலர் குறைப்பட்டார்கள், அதே விலாசப் புத்தகம் இதில் கூடுதல் இடம் பிடிக்கிறதே என்று.